ஏணி கேட்ட வண்டி: குரூசருக்கும் டூரிங் வண்டிக்கும் நடுவே ஓராண்டு

நான் வாங்க எண்ணியிருந்த இரண்டு மோட்டார் சைக்கிள்களையும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே, என் மனைவி அவற்றின் பின்னிருக்கையில் ஏறிப் பார்த்துவிட்டார். முதல் வண்டியில், பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தவரைப் போல, கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே அமர்ந்துகொண்டார். இரண்டாவதன் அருகில் சென்றவர், அதன் இருக்கையைத் தம் இடுப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஏணி வண்டியோட சேர்த்தே தருவீங்களா, அதுக்குத் தனியாப் பணம் கட்டணுமா?" என்று விற்பனையாளரிடம் கேட்டார். அந்த இளைஞர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, 165 செ.மீ. உயரம் கொண்ட எனக்கும் உள்ளுக்குள் அதே ஐயம்தான்.

முதல் வண்டி குரூசர் வகை, இரண்டாவது டூரிங் வகை. இவ்விரண்டில் எது என்று முடிவு செய்ய ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. நாங்கள் இருப்பது தாம்பரத்தில். சொந்த ஊர் அம்பாசமுத்திரம், சுருக்கமாக அம்பை. நடுவே ஏறத்தாழ 630 கி.மீ. பொங்கலுக்கும், பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்கும், ஆடி மாதத்தில் ஒரு முறையும், இவை தவிர காரணமில்லாமல் ஒரு முறையுமாக ஆண்டுக்கு நான்கு தடவையாவது போகிறோம். பிள்ளைகள் விடுதிக்குப் போய்விட்ட பிறகு ரயில் முன்பதிவுக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு, இருவருமாக வண்டியிலேயே போகத் தொடங்கினோம். பதினான்கு ஆண்டுகள் உழைத்த என் 150 சிசி வண்டி, போன ஆண்டுப் பொங்கலுக்குக் கயத்தாறு தாண்டியதும் இழுக்க மறுத்து முனகத் தொடங்கியபோதுதான் புதிய வண்டிப் பேச்சு வீட்டில் எழுந்தது.

குரூசர் மீது எனக்கு இருந்த ஆசை புதிதன்று. நான் படிப்பை முடித்த காலத்தில்தான் நம் ஊர்ச் சாலைகளில் அந்த உருவம் தென்படத் தொடங்கியது. 2001-இல் கவாஸாகி பஜாஜ் எலிமினேட்டர் வந்தது. அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டின் தண்டர்பேர்டு. 2005-இல் எலிமினேட்டரின் இடத்தை அவெஞ்சர் எடுத்துக்கொண்டது. தாழ்ந்த இருக்கை, முன்சக்கரத்தைத் தாங்கி முன்னோக்கிச் சாய்ந்து நீண்ட ஃபோர்க், கைகளை ஏந்திப் பிடிப்பதுபோல் உயர்ந்த ஹேண்டில்பார், காலை முன்னால் நீட்டி வைத்துக்கொள்ளும் ஃபுட்ரெஸ்ட் என்று, சாய்வு நாற்காலிக்குச் சக்கரம் மாட்டியதுபோன்ற அந்த அமைப்பு அமெரிக்காவிலிருந்து வந்தது. நூறு மைலுக்கு வளைவே இல்லாத சாலைகள் உள்ள நாட்டில் பிறந்த வடிவம் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. அண்ணா சாலையில் அப்படி ஒரு வண்டி சிக்னலில் நின்றால், ஓட்டுபவரின் முகத்தில் அவசரமே இல்லாதிருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது வண்டியைவிட அந்த முகம்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

டூரிங் வண்டி என்ற சொல்லுக்கு வெளிநாட்டில் ஒரு பொருளும் நம் ஊரில் வேறொரு பொருளும் உண்டு. ஹோண்டா நிறுவனம் 1974-இல் ஜெர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கோல்டு விங், அப்போது 999 சிசி நான்கு சிலிண்டர் வண்டியாக இருந்தது. இன்று அது 1,833 சிசி ஆறு சிலிண்டரோடு, பெட்டிகளும் கண்ணாடித் தடுப்புமாக ஒரு சிறிய காரைப் போல ஓடுகிறது. நெடுஞ்சாலை நெடுகிலும் பரப்பு ஒரே சீராக இருக்கும் என்று நம்பிக் கட்டிய வண்டி அது. நம்மிடம் அந்த நம்பிக்கை கிடையாது. ஆகவே இங்கே டூரிங் என்றால் பெரும்பாலும், பி.எம்.டபிள்யூ. 1980-இல் கொண்டுவந்த ஆர் 80 ஜி/எஸ் வண்டியின் வழிவந்த வகையைத்தான் குறிக்கிறோம்: நிமிர்ந்து அமரும் உடல்நிலை, உயரமான உடல், நெடுந்தூரம் அமுங்கி எழும் ஷாக் அப்சார்பர், பெரிய முன்சக்கரம். பஜாஜின் டோமினார் போன்ற தாழ்ந்த டூரிங் வண்டிகளும் உண்டு. அவற்றை நான் ஒதுக்கியதற்குத் தக்க காரணம் எதுவும் இல்லை. கண்ணுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒப்பிடுவதற்கு வசதியாக, ஒரே நிறுவனம் நம் சென்னையை அடுத்த ஆலைகளில் செய்யும் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொண்டேன். ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் 350 ஒரு பக்கம். ஹிமாலயன் 450 மறுபக்கம். முன்னது 2020 நவம்பரிலும் பின்னது 2023 நவம்பரிலும் விற்பனைக்கு வந்தவை. மீட்டியாரின் இருக்கை தரையிலிருந்து 765 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, ஹிமாலயனின் இருக்கை 825 மி.மீ. எடை பெரிதாக வேறுபடவில்லை: 191 கிலோவும் 196 கிலோவும். ஆற்றலில்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. முன்னதற்கு ஏறக்குறைய 20 குதிரைத்திறன், பின்னதற்கு 40. நண்பர்கள் பலர் இந்த ஓர் எண்ணைச் சுட்டிக்காட்டியே பேச்சை முடித்துவிட்டார்கள். "இரண்டு மடங்கு பவர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார்கள்.

எனக்கு யோசிக்க இருந்தது. நான்கு வழிச்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. அந்த வேகத்தை 350 சிசி வண்டி, இரண்டு பேரையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு நாள் முழுவதும் தாங்கும். மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு அதற்கு மேல் போகும் துணிவு எனக்கு இல்லை. துணிவு இருந்தாலும் அவர் விடமாட்டார், முதுகில் ஒரு விரல் குத்து விழும். உளுந்தூர்ப்பேட்டைக்கும் திருச்சிக்கும் நடுவே ஒரு லாரியைக் கடக்கும்போது 40 குதிரைகள் இருப்பது ஆறுதல்தான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறுதலுக்காக மட்டும் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுப்பது, ஆண்டுக்கு ஒரு விருந்துக்காகப் பெரிய அண்டா வாங்கி அடுப்படியில் வைத்துக்கொள்வதைப் போன்றது. ஆகவே ஆற்றல் கணக்கை ஓரமாக வைத்துவிட்டேன்.

என்ஜினின் குணம் வேறு செய்தி. மீட்டியாரின் சிலிண்டர் விட்டம் 72 மி.மீ., பிஸ்டன் போய்வரும் நீளம் 85.8 மி.மீ. அதாவது குறுகிய, நெடிய சிலிண்டர். அதனால் குறைந்த சுழற்சியிலேயே இழுவிசை கிடைக்கிறது. நிமிடத்துக்கு 4,000 சுழற்சியில் அது தன் முழு இழுவிசையான 27 நியூட்டன் மீட்டரையும் தந்துவிடுகிறது. நான்காவது கியரில் போட்டுவிட்டு, ஊர் எல்லையில் வேகம் குறைந்தாலும் கியரை மாற்றாமல், நிதானமான அடியோசையோடு மறுபடி எழலாம். ஹிமாலயனில் விட்டம் 84, நீளம் 81.5. அது தன் 40 நியூட்டன் மீட்டரைத் தர 5,500 சுழற்சி வரை ஏற வேண்டும். கொஞ்சம் விரட்டினால்தான் முகம் மலரும் வண்டி. வளர்ந்த பிள்ளைகள் இருவரில் ஒருவன் சொன்ன வேலையை மெதுவாக ஆனால் முணுமுணுக்காமல் செய்வான், மற்றவன் உசுப்பிவிட்டால் இரண்டாள் வேலையை முடிப்பான் என்பதுபோல. மனத்துக்கு இசைந்தது முதல் பிள்ளைதான். இந்த ஒரு கட்டத்தில் குரூசர் எனக்குள் தெளிவாக முன்னிலையில் இருந்தது.

பிறகுதான், நெடுந்தொலைவில் உடலின் பாரம் எதன் மேல் இறங்குகிறது என்ற கேள்விக்கு வந்தேன். குரூசரில் கால்கள் முன்னால் நீண்டிருப்பதால், மேலுடலின் எடை முழுவதும் இடுப்பெலும்பு வழியாக இருக்கையின் மேல் இறங்குகிறது. சாலையில் ஒரு பள்ளம் வந்தால், முன்னால் நீட்டிய காலை ஊன்றி எழ முடியாது. அடி நேராக வால் எலும்பில் தொடங்கி முதுகுத்தண்டு வழியாகக் கழுத்துக்கு ஏறுகிறது. டூரிங் வண்டியில் ஃபுட்ரெஸ்ட் கிட்டத்தட்ட இடுப்புக்கு நேர் கீழே இருக்கிறது. பள்ளத்தைக் கண்டதும் காலை ஊன்றி, உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு விரற்கடை எழுந்தாலே போதும். முழங்கால்கள் இன்னொரு ஜோடி ஷாக் அப்சார்பர் ஆகிவிடும். அதன் மேல், வண்டியின் ஷாக் அப்சார்பரும் கூடுதலாக உழைக்கிறது: மீட்டியாரின் முன் ஃபோர்க் 130 மி.மீ. அமுங்கக் கூடியது என்றால், ஹிமாலயனில் முன்னும் பின்னும் 200 மி.மீ. இருக்கையைத் தாழ்த்தினால் பின்சக்கரம் ஏறி இறங்குவதற்கான இடமும் குறைகிறது. ஆகவே குரூசரின் தாழ்ந்த இருக்கையும் அதன் கடினமான பின்புறமும் ஒன்றோடொன்று கட்டிப்போடப்பட்டவை. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றொன்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

நம் வேகத்தடைகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தியச் சாலைப் பேராயத்தின் அளவுப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் ஒரு வளைவு. அந்த அளவில் கட்டப்பட்ட ஒன்றை நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். நான்கு வழிச்சாலையிலிருந்து இறங்கி, திருநெல்வேலியிலிருந்து அம்பைக்குப் போகும் கடைசி 35 கி.மீ.க்குள் பள்ளிக்கூடம், கோயில், ரைஸ் மில், ஊர்ப்பெரியவர் ஒருவரின் வீட்டு வாசல் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மேடு. சில மேடுகள் பாத்தி கட்டியதுபோல் செங்குத்தாக நிற்கின்றன. நீளமான சக்கர இடைவெளியும் தாழ்ந்த வயிற்றுப்புறமும் கொண்ட பெரிய குரூசர்கள் இவற்றில் உரசாமல் தப்புவது ஓட்டுநரின் திறமையைப் பொறுத்தது. சூப்பர் மீட்டியார் 650-இன் தரை இடைவெளி 135 மி.மீ.தான். மீட்டியார் 350-க்கு 170, ஹிமாலயனுக்கு 230. சென்னையிலிருந்து கிளம்பிய 600 கி.மீ.யில் சேராத வலி, இந்தக் கடைசி 35 கி.மீ.யில் சேர்ந்துவிடுகிறது என்பது எங்கள் பழைய வண்டி கற்றுக்கொடுத்த பாடம்.

காகிதக் கணக்கு இவ்வளவும் போட்ட பிறகு, அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் இரு வகையிலும் ஒவ்வொரு வண்டியை வாடகைக்கு எடுத்து, ஒரே வழியில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். வாடகைக்குக் கிடைத்தவை நான் வாங்க எண்ணியிருந்த வண்டிகள் அல்ல; வகை மட்டும் ஒன்று. வழி ஏலகிரி. காஞ்சிபுரம், வேலூர் என்று நேர்ச்சாலை, வாணியம்பாடி தாண்டியதும் பொன்னேரியில் திரும்பினால் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், மேலே மலையூரின் சிறு சாலைகள். எங்களுக்குத் தேவையான மூன்று வகைச் சாலையும் ஒரே நாளில் கிடைக்கும். வழியில் ஆம்பூரும் இருக்கிறது என்பதை இரண்டாம் காரணமாகச் சொல்லிக்கொண்டோம்.

குரூசரில் வாலாஜாபேட்டை வரை சொர்க்கம். வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் நேர்கோட்டில் போகிறது. முன் ஃபோர்க்கின் சாய்வு அதிகமாக இருப்பதால் ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பதே மரியாதைக்குத்தான் என்று தோன்றுகிறது. வேலூரைத் தாண்டும்போது எனக்கு இரண்டு செய்திகள் உறைத்தன. ஒன்று, உயர்ந்த ஹேண்டில்பாரால் மார்பு விரிந்து எதிர்காற்றை முழுவதுமாக வாங்குவதால், பாய்மரம்போல் பின்னால் தள்ளப்படும் உடலை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இரண்டு, பின்னாலிருந்து பேச்சு நின்றுபோயிருந்தது. மனைவி பேசாமல் வருகிறார் என்றால் ஒன்று தூக்கம், இல்லையென்றால் வலி. தலைக்கவசம் என் தலைக்கவசத்தில் முட்டவில்லை, ஆகவே தூக்கம் இல்லை. ஆம்பூரில் இறங்கியவர் பிரியாணிக் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஏலகிரி வளைவுகளுக்குப் புலவர்களின் பெயரையும் வள்ளல்களின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். இடப்புறம் திரும்பும் ஒரு வளைவில், பலகையில் இருந்த வள்ளல் யார் என்று பார்த்துக்கொண்டே வண்டியைச் சாய்த்தேன். ஃபுட்ரெஸ்ட் தார்ச்சாலையில் சர்ரென்று உரசியது. அது வண்டியின் குறை என்று சொல்லமாட்டேன். ஃபுட்ரெஸ்ட் தாழ்வாக, முன்னால் இருந்தால், சாய்க்கக்கூடிய கோணம் குறையும். உரசல் என்பது இதற்கு மேல் சாய்க்காதே என்று வண்டி சொல்லும் முன்னெச்சரிக்கை. குரூசர் ஓட்டிப் பழகியவர்கள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அகலமாக எடுத்து, அலட்டாமல் திரும்பிவிடுவார்கள். ஆனால் நம் மலைச்சாலையில் அகலமாக எடுக்க இடம் எங்கே இருக்கிறது? எதிரே இறங்கிவரும் பேருந்து அந்த அகலத்தை முன்பே எடுத்துக்கொண்டிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை டூரிங் வண்டி. தாம்பரத்தில் வீட்டு வாசலிலேயே நாடகம் தொடங்கிவிட்டது. நான் ஏறி, இடது கால் நுனியை மட்டும் தரையில் ஊன்றி, வண்டியை இடப்புறம் சற்றுச் சாய்த்துக்கொண்டு நிற்க, மனைவி என் தோளைப் பிடித்து ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நின்று, காலைச் சுழற்றி அந்தப் பக்கம் போட வேண்டும். அவர் ஏறும் அந்த இரண்டு நொடியில் இரண்டு பேரின் எடையும் வண்டியின் எடையும் என் ஒற்றைக் கால் பெருவிரலின் பொறுப்பு. மூன்றாவது முயற்சியில் ஏறினார். எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையிலிருந்து எழுந்துவந்து பார்த்தார்.

உயரத்தைப் பற்றிய என் அச்சத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பாபநாசத்தில் நண்பர் ஒருவரின் உயரமான வண்டியை ஓட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பியபோது, சரிவான இடத்தில் நிறுத்தி வலது காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் தரை இல்லை. வேகம் பூச்சியம். வண்டி மெதுவாக, என்னிடம் சொல்லிக்கொண்டே சாய்வதுபோல் சாய்ந்தது. நானும் கூடவே போனேன். பிரேக் லீவரை நிமிர்த்தித் தந்த அம்பை மெக்கானிக் அண்ணாச்சி, "ஓடுதப்ப எல்லா வண்டியும் ஒண்ணுதான் தம்பி. நிக்கிதப்பதான் அது யாரு, நீ யாருன்னு தெரியும்" என்றார். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் எது சுகம் என்பதையே எல்லாரும் பேசுகிறார்கள், பூச்சியம் கி.மீ. வேகத்தைப் பற்றி எனக்குச் சொன்னவர் அவர் ஒருவர்தான். இந்த உயர வண்டிகளில் ஏறிய பிறகு சாலையைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்: எந்தப் பக்கம் சரிவு, எங்கே சரளைக்கல், நிறுத்தினால் எந்தக் காலை ஊன்றலாம் என்று.

ஏறிய பிறகோ, அது வேறு உலகம். கண்ணாடித் தடுப்பு மார்பின் மீதான காற்றை எடுத்துக்கொண்டது. தலைக்கவசத்தில் மட்டும் கொஞ்சம் படபடப்பு. நிமிர்ந்து அமர்வதால் முன்னால் போகும் காரின் கூரைக்கு மேலாகச் சாலை தெரிகிறது. ராணிப்பேட்டை அருகே பாலத்தின் இணைப்பில் வழக்கமாக வாங்கும் அடி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வண்டி அதை விழுங்கிவிட்டுப் போய்விட்டது. பின்னால் பேச்சு ஓயவேயில்லை. தங்கை மகளின் கல்யாணத்துக்கு யார் யார் வரவில்லை என்பது வரை வாணியம்பாடிக்குள் முடிந்துவிட்டது. வளைவுகளில் எதுவும் உரசவில்லை. இரண்டாம் கியரில் திரும்பி, நிமிர்ந்து, மறுபடி திரும்பி, மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கு முதல் முறையாக இன்னும் நான்கு வளைவு இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

குரூசருக்கு நியாயம் செய்யாமல் மேலே போகக் கூடாது. டூரிங் வண்டி தோற்கும் இடம் ஒன்று எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் காவல்கிணற்றைத் தாண்டி ஆரல்வாய்மொழி நோக்கிப் போனவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். மலைகளுக்கு இடையிலான கணவாய் வழியாகப் பாய்ந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது; அதே காற்று சாலையில் போகும் வண்டியின் விலாவிலும் மோதுகிறது. உயரமான வண்டி, நிமிர்ந்த இரண்டு பேர், கண்ணாடித் தடுப்பு, இருபுறமும் பெட்டிகள் என்றால் காற்றுக்கு அது ஒரு சுவர். லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் நொடியில் வண்டி அரை அடி நகர்ந்துவிடும். தாழ்ந்த குரூசரில் காற்றுக்குப் பிடி குறைவு. அந்தச் சாலையில் நாள்தோறும் போய்வரும் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால், தயங்காமல் குரூசர் என்பேன். சென்னை நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கும் அதே விடைதான். சிக்னலுக்குச் சிக்னல் காலூன்றும் ஊரில் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிவது சிறிய நிம்மதியல்ல.

பெட்ரோலைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. ஒன்றுக்கு 15 லிட்டர் டேங்க், மற்றதற்கு 17. பங்க்குக்குப் பங்க் தேநீர்க் கடையும் கழிப்பறையும் இருக்கும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் இது பொருட்டே அல்ல, வண்டிக்கு முன்பே நமக்கு நிறுத்த வேண்டியிருக்கும். பஞ்சர் மட்டும் பொருட்படுத்தத் தக்கது. மீட்டியாரில் அலாய் வீல், டியூப்லெஸ் டயர். ஆணி ஏறினாலும் சாலையோரத்தில் நாமே அடைத்துக்கொள்ளலாம். ஹிமாலயன் முதலில் வந்தபோது ஆரக்கம்பிச் சக்கரமும் டியூபும்தான்; பின்னரே ஆரக்கம்பியிலும் டியூப்லெஸ் சக்கரம் கிடைத்தது. இரவு ஒன்பது மணிக்கு விக்கிரவாண்டி அருகே மனைவியை நிறுத்திவைத்துவிட்டு டயரைக் கழற்றும் பஞ்சர் கடையைத் தேடி அலைந்த அனுபவம் உள்ளவனாகையால், டியூப் என்றால் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

பணக்கணக்கு எதிர்த்திசையில் இழுத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18-ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, முன்பு கூடுதல் தீர்வையையும் சேர்த்து 31-ஆக இருந்தது 40-ஆக உயர்ந்தது. 349 சிசி மீட்டியார் கோட்டுக்கு இந்தப் பக்கம், 452 சிசி ஹிமாலயன் அந்தப் பக்கம். முன்பே இருந்த விலை இடைவெளி மேலும் விரிந்தது. என் தயக்கத்தின் விலை எவ்வளவு என்று மனைவி விரல்விட்டு எண்ணிக் காட்டினார். அந்தத் தொகையை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் மறுபடியும் குரூசர் பக்கமே சாய்ந்திருந்தேன். விலை, என்ஜினின் நிதானம், தரையில் படியும் பாதம், இருபது ஆண்டு ஆசை என்று அந்தப் பக்கத் தட்டில் நான்கு இருந்தன; மறுதட்டில் முதுகெலும்பு ஒன்றுதான் இருந்தது.

முடிவைச் சொன்னவர், ஏணி கேட்டவரேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, நான் கேட்காமலேயே, "என்னங்க, ஊருக்குப் போற அன்னிக்கு நான் வண்டியில எத்தனை தடவை ஏறி இறங்குவேன்?" என்றார். காலை டிபன், மதிய உணவு, இரண்டு தேநீர் என்று எண்ணி, ஐந்து ஆறு தடவை என்றேன். "ஏறுறதுக்கு ஒரு நிமிஷம்னு வச்சாலும் ஆறு நிமிஷம். உட்கார்ந்திருக்கறது பன்னிரண்டு மணி நேரம். ஆறு நிமிஷத்துக்காகப் பன்னிரண்டு மணி நேரத்தை விக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, கீரைக் காம்புகளை முறத்தில் தட்டினார். ஓராண்டாக நான் எண்களை வைத்துக்கொண்டு செய்யாத கணக்கு அது. உயரம் என்ற குறை நாளில் சில நிமிடங்களுக்கு உரியது, பழகினால் குறையக்கூடியது. தாழ்ந்த பின்புறத்தின் அடியோ நேரம் ஆக ஆக ஏறுவது.

ஹிமாலயனுக்கு, உயரத்தை 805 மி.மீ.க்குக் குறைக்கும் தாழ்ந்த இருக்கையைத் தனித் துணைப்பொருளாகத் தருகிறார்கள். அதையும் டியூப்லெஸ் சக்கரத்தையும் சேர்த்தே பதிவு செய்தோம். 20 மி.மீ. என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லை. என் காலுக்கு அது பெருவிரலுக்கும் பாதத்தின் முன்பாதிக்கும் உள்ள வேறுபாடு. பக்கப்பெட்டிகள் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். ஆரல்வாய்மொழிக் காற்று ஒரு காரணம். பெட்டி இருந்தால் ஊரிலிருந்து திரும்பும்போது கருப்பட்டி, வாழைத்தார், அம்மா கட்டித்தரும் வடகம் என்று அது நிரம்பாமல் விடாது என்பது மற்றொரு காரணம். பின்னால் ஒரு சிறிய பெட்டி மட்டும் உண்டு. மனைவி அதில் முதுகைச் சாய்த்துக்கொள்கிறார்.

இந்தப் பொங்கலுக்கு அதில் போய்வந்தோம். சிக்னலில் தாழ்ந்து அமர்ந்திருக்கும் குரூசர்க்காரர்களை இப்போதும் திரும்பிப் பார்க்கிறேன். வேறுபாடு, இப்போது மேலிருந்து கீழாகப் பார்க்கிறேன் என்பதுதான். வழியில் நிறுத்தும் இடங்களை எல்லாம் மனைவியே தேர்ந்தெடுக்கிறார். நடைமேடைக் கல், பாலத்தின் கைப்பிடிச்சுவர், கவிழ்த்துப்போட்ட சோடாப் பெட்டி என்று காலை வைத்து ஏற ஏதேனும் ஒன்று உள்ள தேநீர்க் கடையாகப் பார்த்துத்தான் என் தோளைத் தட்டுகிறார். தேநீரின் சுவை இரண்டாம் பட்சம். கோவில்பட்டிக்கு அருகே நல்ல மேடை ஒன்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அம்பையில் அந்தத் தொல்லையும் இல்லை. எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டி வண்டியை நிறுத்தினால், இருக்கையும் திண்ணையும் ஏறத்தாழ ஒரே மட்டம். கிளம்பும் காலையில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, திண்ணையிலிருந்து எழாமலேயே அப்படியே நகர்ந்து உட்கார்ந்துவிட்டு, "ம், எடுங்க" என்றார்.